எல்லையில் ஒரு நிமிடத்தின் விலை: டெல்மெக்ஸ் வழக்கும் தொலைத்தொடர்புச் சந்தைத் திறப்பும்

தொலைத்தொடர்புத் துறையில் போட்டியை அனுமதிப்பதாக உலக வர்த்தக அமைப்பில் உறுதி கொடுத்த ஒரு நாடு, பழைய ஏகபோக நிறுவனமே விலையை நிர்ணயிக்கும்படி உள்நாட்டு விதிகளை எழுதி வைத்துக்கொண்டால் என்ன ஆகும்? இந்தக் கேள்விக்கு ஜெனீவாவில் இதுவரை ஒரே ஒரு முறைதான் தீர்ப்பு எழுதப்பட்டிருக்கிறது. அமெரிக்கா தொடுத்த வழக்கில், டெல்மெக்ஸ் என்ற பழைய ஏகபோகத் தொலைபேசி நிறுவனத்தைக் கொண்ட மெக்சிகோவுக்கு எதிராக 2004 ஏப்ரல் 2 அன்று வெளியான நடுவர் குழு அறிக்கைதான் அது. டிஎஸ்204 என்ற எண் கொண்ட இவ்வழக்கு, சேவை வணிகத்தை மட்டுமே பொருளாகக் கொண்டு நடுவர் குழுவின் தீர்ப்பு வரை சென்ற முதல் வழக்கு. தொலைத்தொடர்புச் சேவை பற்றி அந்த நிலை வரை சென்றது இன்றளவும் இது ஒன்றே.

உரிமம் வழங்கிவிட்டால் சந்தை திறந்துவிடும் என்ற எண்ணம் பல அரசுகளிடம் இருந்தது, இன்னும் இருக்கிறது. ஒரு நிறுவனத்தின் வலையமைப்பிலிருந்து இன்னொரு நிறுவனத்தின் வலையமைப்புக்கு அழைப்பு கடந்து செல்லும் இடத்தில் விலை வைப்பவர் யார் என்பதில்தான் போட்டியின் உயிர் இருக்கிறது என்பதை இவ்வழக்கு மிகத் துலக்கமாகக் காட்டுகிறது. பன்னாட்டு ஒப்பந்த விதிக்கு எவ்வளவு வலிமை உண்டு, அது எந்த இடத்தில் நின்றுவிடுகிறது என்பதையும் வழக்குக்குப் பிந்தைய பத்தாண்டுகள் காட்டின. இந்த ஆய்வு இரண்டையும் சேர்த்தே பார்க்கிறது; ஏனெனில் தீர்ப்பை மட்டும் படிப்பவருக்கு அது முழு வெற்றியாகவும், பிற்கால மெக்சிகோவை மட்டும் பார்ப்பவருக்கு அது வீண் முயற்சியாகவும் தோன்றிவிடும்.

அழைப்பு எல்லையைக் கடக்கும் விதம்

லாஸ் ஏஞ்சலஸில் வேலை செய்யும் ஒருவர் குவாதலஹாராவில் இருக்கும் தம் தாயாரைத் தொலைபேசியில் அழைக்கிறார் என்று கொள்வோம். அமெரிக்க நிறுவனம் அந்த அழைப்பைத் தன் தடத்தில் எல்லை வரை கொண்டுவருகிறது. எல்லையில் இரு நாட்டு நிறுவனங்களின் தடங்கள் இணைகின்றன. மெக்சிகோ நிறுவனம் அழைப்பைத் தன் பன்னாட்டு எக்ஸ்சேஞ்சில் வாங்கி, நெடுந்தூரத் தடத்தில் ஊருக்கு அனுப்பி, உள்ளூர் எக்ஸ்சேஞ்ச் வழியாக வீட்டில் மணி அடிக்க வைக்கிறது. பேசிய நிமிடங்களுக்கான முழுப் பணத்தையும் அழைத்தவர் அமெரிக்க நிறுவனத்திடமே கட்டுகிறார். எல்லைக்கு அப்பால் நடந்த வேலைக்காக அந்த நிறுவனம் மெக்சிகோ நிறுவனத்துக்கு நிமிடத்துக்கு இவ்வளவு சென்ட் என்று கொடுக்க வேண்டும். அந்தத் தொகையே தீர்வுக் கட்டணம். இந்த வழக்கு முழுவதும் அதைப் பற்றியதுதான்.

இரு முனைகளிலும் ஏகபோக நிறுவனங்களே இருந்த காலத்தில் இந்த ஏற்பாட்டில் சிக்கல் எதுவும் தெரியவில்லை. இரு நிறுவனங்களும் கூடிப் பேசி ஒரு நிமிடத்துக்கான கணக்குக் கட்டணத்தை முடிவு செய்யும். அதில் ஆளுக்குப் பாதி. ஒரு பக்கத்திலிருந்து 100 நிமிடங்களும் மறுபக்கத்திலிருந்து 40 நிமிடங்களும் சென்றிருந்தால், மிகுதியான 60 நிமிடங்களுக்கு மட்டும் பணம் கைமாறும். அழைப்புகள் இருபுறமும் சமமாக இருக்கும்வரை கட்டணம் எவ்வளவு உயர்வாக இருந்தாலும் யாருக்கும் நட்டமில்லை. சமநிலை குலைந்தபோதுதான், அழைப்புகளை அதிகமாகப் பெறும் நாட்டுக்குக் கட்டணம் குறையாமல் இருப்பதே லாபம் என்ற நிலை உருவாயிற்று. 1990களின் நடுவில் அமெரிக்க நிறுவனங்கள் இவ்வகையில் உலக நாடுகளுக்கு நிகரமாகக் கொடுத்த தொகை ஆண்டுக்கு 500 கோடி டாலரைத் தாண்டியிருந்தது. அமெரிக்கா–மெக்சிகோ வழித்தடமோ உலகிலேயே மிக அதிகமாக அழைப்புகள் பாயும் தடங்களில் ஒன்று. அந்தப் பணத்தின் பெரும்பகுதி இறுதியில் வந்தது குடும்பத்தைப் பிரிந்து வாழ்ந்த உழைப்பாளர்களின் பையிலிருந்துதான் என்பதைச் சட்ட வாதங்களுக்கு இடையில் மறந்துவிடக் கூடாது.

அமெரிக்க ஒழுங்குமுறை ஆணையமான எஃப்சிசி 1997 ஆகஸ்டில் தன்னிச்சையாக ஓர் உச்சவரம்பு ஆணையைப் பிறப்பித்தது. தன் நாட்டு நிறுவனங்கள் வெளிநாட்டு நிறுவனங்களுக்குக் கொடுக்கக்கூடிய கட்டணத்தை, அந்த நாடுகளின் வருமான நிலைக்கு ஏற்ப, நிமிடத்துக்கு 15, 19, 23 சென்ட் என்று அது வரையறுத்தது. பல நாடுகளும் நிறுவனங்களும் இதை எதிர்த்தன. 1999-இல் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஆணையை உறுதி செய்தது. பெரிய நாடு ஒன்று தன் சந்தையின் பலத்தைக் கொண்டு பிறர் விலையை நிர்ணயிப்பது என்ற குற்றச்சாட்டில் உண்மை இருந்தது. எனவேதான், எல்லோரும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின் அடிப்படையில் இதே பிரச்சினை ஜெனீவாவுக்குச் சென்றது ஒரு முன்னேற்றம் என்று நான் கருதுகிறேன்.

1997-இன் உறுதிமொழிகள்

1995 ஜனவரியில் உலக வர்த்தக அமைப்பின் சேவை வணிகப் பொது ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபோது, அடிப்படைத் தொலைபேசிச் சேவை பற்றிய பேரம் முடிந்திருக்கவில்லை. 1996 ஏப்ரல் 30 என்று வைக்கப்பட்ட கெடு, மற்ற நாடுகள் முன்வைத்த உறுதிகள் போதாது என்று அமெரிக்கா சொன்னதால் நழுவியது. 1997 பிப்ரவரி 15 அன்றுதான் 69 அரசுகள் உடன்பாட்டுக்கு வந்தன. உலகத் தொலைத்தொடர்பு வருவாயில் 90 விழுக்காட்டுக்கு மேல் அவற்றின் சந்தைகளுக்கு உரியது. நான்காம் நெறிமுறை என்று அழைக்கப்படும் அந்த உடன்பாடு 1998 பிப்ரவரி 5 அன்று நடைமுறைக்கு வந்தது.

உடன்பாட்டின் புதுமை, சந்தையைத் திறக்கும் வாக்குறுதியோடு கூடவே ஏற்கப்பட்ட 'ரெஃபரன்ஸ் பேப்பர்' என்ற சில பக்க நெறி ஆவணத்தில் இருந்தது. சரக்கு வணிகத்தில் சுங்க வரியைக் குறைத்தால் பொருள் உள்ளே வந்துவிடும். தொலைபேசியில் அப்படி நடக்காது. புதிதாக நுழையும் நிறுவனத்தின் வாடிக்கையாளர் பேச விரும்பும் மக்கள் எல்லோரும் பழைய நிறுவனத்தின் வலையமைப்பில்தான் இருக்கிறார்கள், அவர்களை எட்ட விடாமல் செய்தால் உரிமம் வெறும் காகிதம். எனவே நெறி ஆவணம் ஆதிக்கம் செலுத்தும் முதன்மை நிறுவனத்தைத் தனியாக அடையாளம் காட்டி, செலவை ஒட்டிய கட்டணத்தில் அது இணைப்புக் கொடுக்க வேண்டும், போட்டியைக் குலைக்கும் பழக்கங்களை அரசு தடுக்க வேண்டும், ஒழுங்குமுறை ஆணையம் எந்தச் சேவை நிறுவனத்துக்கும் கட்டுப்படாததாக இருக்க வேண்டும் என்று விதித்தது. அனைவருக்கும் சேவை என்ற சமூகக் கடமையை நாடுகள் தாமே வகுத்துக்கொள்ளலாம், ஆனால் அதை வெளிப்படையாகவும் பாரபட்சமின்றியும் செய்ய வேண்டும் என்றது. மெக்சிகோ இந்த ஆவணத்தைத் தன் உறுதிமொழிப் பட்டியலில் சேர்த்துக்கொண்ட நாடுகளில் ஒன்று.

டெல்மெக்ஸும் 1996-இன் விதிகளும்

மெக்சிகோ அரசு டெல்மெக்ஸ் நிறுவனத்தை 1990 டிசம்பரில் தனியாருக்கு விற்றது. கார்லோஸ் ஸ்லிமின் கார்சோ குழுமம், அமெரிக்காவின் சவுத்வெஸ்டர்ன் பெல், பிரான்ஸ் டெலிகாம் ஆகியவை சேர்ந்த கூட்டணி, நிறுவனத்தின் கட்டுப்பாட்டைத் தரும் 20.4 விழுக்காட்டுப் பங்கை ஏறத்தாழ 176 கோடி டாலருக்கு வாங்கியது. நெடுந்தூரச் சேவையில் 1996 ஆகஸ்ட் வரை ஏகபோகம் தொடரும் என்பது விற்பனையின் நிபந்தனைகளில் ஒன்று. அரசின் ஏகபோகம் தனியாரின் ஏகபோகமாக மாறியபோது நாட்டில் ஒழுங்குமுறை ஆணையம் என்ற ஒன்றே இல்லை என்பது கவனிக்க வேண்டியது. தொலைத்தொடர்புச் சட்டம் 1995-இலும், கோஃபெடெல் என்ற ஆணையம் 1996-இலும் வந்தன. நிறுவனத்தை விற்று ஆறாண்டுகள் கழித்து நடுவரைத் தேடும் இந்த வரிசைமுறையே பிற்காலத் தொல்லைகள் பலவற்றுக்கு வித்து என்பது என் துணிபு.

1997 ஜனவரியில் நெடுந்தூரச் சேவை போட்டிக்குத் திறக்கப்பட்டது. எம்சிஐ நிறுவனத்தோடு தொடர்புடைய அவன்டெல், ஏடி அண்டு டி-யோடு தொடர்புடைய அலெஸ்ட்ரா உள்ளிட்ட நிறுவனங்கள் களத்தில் இறங்கின. அடுத்த சில ஆண்டுகளில் உரிமம் பெற்றவை இருபதைத் தாண்டின. காகிதத்தில் பார்த்தால் இது முழுமையான சந்தைத் திறப்பு. ஆனால் அதற்குச் சற்று முன்பு, 1996 டிசம்பரில், பன்னாட்டு நெடுந்தூரச் சேவை விதிகளை ஆணையம் வெளியிட்டிருந்தது.

அந்த விதிகளில் மூன்று ஒன்றையொன்று தாங்கி நின்றன. முதலாவது, ஒரு நாட்டோடு தீர்வுக் கட்டணத்தைப் பேசி முடிக்கும் உரிமை, முந்தைய ஆறு மாதங்களில் அந்த நாட்டுக்கு மிக அதிக அழைப்புகளை அனுப்பிய நிறுவனத்துக்கு மட்டுமே உண்டு. அமெரிக்கத் தடத்தில் அது டெல்மெக்ஸ். இரண்டாவது, அவ்வாறு பேசி முடித்த கட்டணத்தையே மற்ற எல்லா மெக்சிகோ நிறுவனங்களும் வாங்க வேண்டும். ஒரு சென்ட் குறைத்து வாங்கவும் அனுமதியில்லை. மூன்றாவது, உள்ளே வரும் அழைப்புகள் வெளியே அனுப்பும் அழைப்புகளின் விகிதத்திலேயே பங்கிடப்படும்.

இதன் விளைவை ஒரு புதிய நிறுவனத்தின் இடத்தில் நின்று பார்க்க வேண்டும். எல்லையில் அமெரிக்க நிறுவனத்திடம் சென்று, உங்கள் அழைப்புகளை என்னிடம் தாருங்கள், டெல்மெக்ஸ் கேட்பதில் பாதி கொடுத்தால் போதும் என்று சொல்ல அதற்கு வழியில்லை. சொன்னால் விதிமீறல். விலையைக் குறைக்காமல் நல்ல சேவையால் அதிக அழைப்புகளை ஈர்த்துவிட்டாலும், தன் விகிதத்துக்கு மேலானவற்றை மற்றவர்களிடம் ஒப்படைக்க வேண்டும், அல்லது நிறுவனங்கள் தமக்குள் செய்துகொள்ளும் உடன்பாட்டின்படி பணமாக ஈடு செய்ய வேண்டும். உரிமம் இருக்கிறது, எக்ஸ்சேஞ்ச் இருக்கிறது, தடம் இருக்கிறது. போட்டியிடுவதற்கு மட்டும் எதுவும் இல்லை. அமெரிக்கப் பக்கத்தில் நிற்பவருக்கும் எதிரே எத்தனை நிறுவனங்கள் இருந்தாலும் பேரம் பேச ஒருவர்தான். பழைய ஏகபோகத்தில் இருந்த விலை, பல நிறுவனங்கள் இருக்கும் சந்தையிலும் சட்டத்தின் கட்டளையாலேயே காக்கப்பட்டது.

நியாயமாகச் சொல்ல வேண்டிய ஒன்று உண்டு. ஒரே கட்டணம், விகிதப் பங்கீடு ஆகிய இரண்டையும் அமெரிக்காவே தன் நிறுவனங்களுக்கு நீண்ட காலம் விதித்து வந்தது. மறுமுனையில் இருக்கும் வெளிநாட்டு ஏகபோகம், அமெரிக்க நிறுவனங்களை ஒன்றோடொன்று மோதவிட்டு ஆதாயம் தேடிவிடக் கூடாது என்பது அதன் காரணம். உச்சவரம்பு ஆணைக்கு இணங்கிய தடங்களில் அந்தக் கொள்கையை எஃப்சிசி விலக்கிக்கொண்டது, ஜெனீவா அறிக்கை வந்த அதே 2004-ஆம் ஆண்டில்தான். விதி ஒன்றே, பல நிறுவனங்கள் ஓர் ஏகபோகத்தை எதிர்கொள்ளும்போது அது கேடயமாகவும், ஓர் ஆதிக்க நிறுவனம் தன் சக நிறுவனங்களைக் கட்டிப்போடும்போது, நிறுவனங்கள் சேர்ந்து ஒரே விலை வைக்கும் விலைக் கூட்டாகவும் மாறிவிடுகிறது. ஒழுங்குமுறை விதிகளை அவற்றின் வாசகத்தைக் கொண்டு மட்டும் எடைபோடக் கூடாது என்பதற்கு இது தெளிவான சான்று. மெக்சிகோவின் தரப்பு முற்றிலும் அர்த்தமற்றது அல்ல என்பதும் இதனால் விளங்கும்.

வழக்கின் போக்கு

அமெரிக்கா 2000 ஆகஸ்ட் 17 அன்று மெக்சிகோவை வழக்கின் முதல் படியான கலந்தாய்வுக்கு அழைத்தது. தொடக்கத்தில் குற்றச்சாட்டு விரிந்ததாக இருந்தது: டெல்மெக்ஸின் ஆதிக்கத்தைக் கட்டுப்படுத்தத் தவறியது, உள்நாட்டு இணைப்புக் கட்டணத்தின் உயர்வு, எல்லைக் கட்டணம் என எல்லாமே அதில் அடங்கின. சில வாரங்களில் கோஃபெடெல் டெல்மெக்ஸுக்கு எனத் தனி விதிகளை வெளியிட்டது, உள்நாட்டு இணைப்புக் கட்டணங்களும் இறங்கின. அதனால் வழக்கின் எல்லை சுருங்கி, பன்னாட்டு அழைப்பு மட்டும் எஞ்சியது. இந்தச் சுருக்கம் அப்போது நடைமுறை சார்ந்த முடிவாகத் தெரிந்திருக்கும். பின்னால் நடந்ததைப் பார்க்கும்போது, மெக்சிகோ மக்களுக்கு மிக முக்கியமான பகுதி வழக்கிலிருந்து கழன்று போன தருணம் அதுதான்.

நடுவர் குழு 2002 ஏப்ரல் 17 அன்று நிறுவப்பட்டது. எர்ன்ஸ்ட்-உல்ரிக் பீட்டர்ஸ்மான் தலைவராகவும், ரேமண்ட் டாம், பியோர்ன் வெலேனியஸ் ஆகியோர் உறுப்பினர்களாகவும் இருந்தனர். அந்த ஆண்டில் டெல்மெக்ஸின் கட்டணம் மெக்சிகோ நகரம், குவாதலஹாரா, மான்டெர்ரே ஆகிய பெருநகரங்களுக்கு நிமிடத்துக்கு 5.5 சென்ட், நடுத்தர ஊர்களுக்கு 8.5 சென்ட், எஞ்சிய பகுதிகளுக்கு 11.75 சென்ட் என்று இருந்தது. எஃப்சிசி வரம்பான 19 சென்டை விட இது மிகக் குறைவு. எனவே அமெரிக்கா கேட்டது வரம்புக்குக் கீழே வர வேண்டும் என்பதல்ல. மெக்சிகோ தானே ஒப்புக்கொண்டபடி கட்டணம் செலவை ஒட்டியதாக இருக்க வேண்டும் என்பதே.

மெக்சிகோவின் முதல் தற்காப்பு அடிப்படையையே தொட்டது. நெறி ஆவணம் சொல்லும் இணைப்பு என்பது ஒரே நாட்டுக்குள் போட்டியிடும் நிறுவனங்களுக்கு இடையிலானது. இரு நாட்டு நிறுவனங்கள் எல்லையில் அழைப்பைக் கைமாற்றுவது தனி உலகம், அது கணக்குக் கட்டண முறைக்கு உரியது என்றது. அமெரிக்க நிறுவனம் மெக்சிகோ மண்ணில் எதையும் இயக்காதபோது அது அங்கே சேவை வழங்குவதாக எப்படிச் சொல்ல முடியும் என்றும் கேட்டது. நடுவர் குழு இதை ஏற்கவில்லை. எல்லை தாண்டிய சேவை என்பதன் இலக்கணத்தில், சேவை வழங்குபவர் இரு பக்கமும் இயங்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. இணைப்பு பற்றிய விதியின் வாசகத்திலும் உள்நாடு, வெளிநாடு என்ற பிரிவு இல்லை என்றது. கணக்குக் கட்டண வேறுபாடுகளை வழக்காக்குவதில்லை என்று 1997-இல் பேச்சுவார்த்தைக் குழு பதிவு செய்திருந்த புரிதலையும் மெக்சிகோ சுட்டியது. அந்தப் புரிதல் நாடுகளுக்கிடையே பாரபட்சம் காட்டுவது பற்றிய புகார்களுக்கு மட்டுமே பொருந்தும் என்று குழு ஒதுக்கிவிட்டது.

அடுத்த கேள்வி செலவு. டெல்மெக்ஸின் உள்கணக்கு நடுவர் குழுவின் கையில் இல்லை. எனவே ஒப்பீடுகளே சான்றுகள் ஆயின. இதே வேலைக்கு உள்நாட்டு நிறுவனங்களிடம் டெல்மெக்ஸ் வாங்கும் இணைப்புக் கட்டணங்களைக் கூட்டிப் பார்த்தால் எவ்வளவு வருகிறது? மற்ற பன்னாட்டுத் தடங்களில் என்ன விலை? விதிகளைச் சுற்றிக்கொண்டு அழைப்புகளைக் கொண்டு சேர்க்கும் சாம்பல் சந்தையில் என்ன விலை? சட்டத்துக்குப் புறம்பான சந்தையின் விலை, சட்டபூர்வமான விலையை அளக்கும் கோலாக முன்வைக்கப்பட்டது இவ்வழக்கின் வியப்புகளில் ஒன்று. எல்லையில் வாங்கப்பட்ட கட்டணம் செலவை ஒட்டிய அளவைக் கணிசமாகத் தாண்டியிருக்கிறது என்ற முடிவுக்குக் குழு வந்தது. வலையமைப்பை விரிவாக்கும் தேவை, நாட்டின் பொதுவான தொலைத்தொடர்பு நிலை போன்றவற்றையும் செலவில் சேர்க்க வேண்டும் என்ற வாதம் எடுபடவில்லை. அந்தச் சேவையை அளிப்பதில் உண்டாகும் செலவே செலவு. கிராமங்களுக்குத் தொலைபேசி கொடுக்கப் பணம் வேண்டுமென்றால் அதை வெளிப்படையான நிதியாகத் திரட்டலாம், எல்லைக் கட்டணத்துக்குள் ஒளித்து வைக்கக் கூடாது என்பதே இதன் பொருள்.

வளரும் நாடு என்ற வாதத்தைப் பரிவோடு அணுக வேண்டும் என்றே நினைக்கிறேன். அந்நியச் செலாவணி தரும் வருவாயை ஒரு தீர்ப்பு அறுத்துவிடும்போது அதன் சுமை யார் தலையில் விழும் என்ற அச்சம் இயல்பானது. ஆனால் அந்த வருவாய் பொதுக் கருவூலத்துக்கோ கிராமத் தொலைபேசித் திட்டத்துக்கோ கட்டுண்ட பணமல்ல. ஒரு தனியார் நிறுவனத்தின் வருவாய். உயர்ந்த கட்டணம் கூட்டித் தந்த பணம் எந்தச் சிற்றூருக்குத் தடமாகப் போய்ச் சேர்ந்தது என்று காட்டும் கடமை எவருக்கும் இல்லாதபோது, வளர்ச்சியின் பெயரால் அதைக் காப்பது கடினம்.

போட்டியைக் குலைக்கும் பழக்கம் எது

அறிக்கையின் மிகத் துணிச்சலான பகுதி இதற்குப் பிறகு வருகிறது. முதன்மை நிறுவனம் போட்டியைக் குலைக்கும் பழக்கங்களில் ஈடுபடாமல் அரசு தடுக்க வேண்டும் என்று நெறி ஆவணம் சொல்கிறது. எடுத்துக்காட்டாக மூன்றைக் குறிப்பிடுகிறது. ஒரு சேவையின் லாபத்தைக் கொண்டு இன்னொன்றில் போட்டியாளரை நசுக்குவது, போட்டியாளரிடம் பெற்ற தகவலைத் தவறாகப் பயன்படுத்துவது, தேவையான தொழில்நுட்பத் தகவலைக் காலத்தில் தராமல் இழுத்தடிப்பது. விலைக் கூட்டும் சந்தைப் பங்கீடும் அந்தப் பட்டியலில் இல்லை. பட்டியல் முழுமையானது அல்ல என்று சொன்ன நடுவர் குழு, நடைமுறைக்கு வராமலே போன பழைய பன்னாட்டு வணிக உடன்பாடான ஹவானா சாசனம், போட்டி பற்றிய ஐக்கிய நாடுகள் சபையின் 1980-ஆம் ஆண்டுக் கோட்பாடுகள், கடுமையான விலைக் கூட்டுகள் பற்றி ஓஇசிடி என்ற பன்னாட்டுப் பொருளாதார அமைப்பு தந்த பரிந்துரை, பல நாடுகளின் போட்டிச் சட்டங்கள் ஆகியவற்றைத் துணைக்கு அழைத்து, இவ்விரண்டும் எங்கும் கண்டிக்கப்படும் பழக்கங்கள் என்று நிறுவியது.

அதைவிடக் கடினமான முடிச்சு இன்னொன்று. டெல்மெக்ஸும் மற்ற நிறுவனங்களும் தாமாகக் கூடிச் சதி செய்யவில்லை; அரசின் விதி சொன்னதைச் செய்தன. சட்டம் கட்டளையிட்டதைச் செய்வது எப்படிப் போட்டியைக் குலைக்கும் பழக்கம் ஆகும் என்று மெக்சிகோ கேட்டது. பல நாடுகளின் போட்டிச் சட்டங்களில் இது ஏற்கப்படும் தற்காப்பு. நடுவர் குழுவின் விடையோ, பன்னாட்டு அளவில் கொடுத்த உறுதியை உள்நாட்டுக் கட்டளை ஒன்றினால் ஒரு நாடு தானே கரைத்துவிட முடியாது என்பது. விடையின் நோக்கம் சரியென்றே எனக்குப் படுகிறது. இல்லையேல் தடுக்க வேண்டிய பழக்கத்தையே சட்டமாக எழுதிவிட்டு எந்த நாடும் தப்பித்துக்கொள்ளலாம். ஆயினும் நிறுவனங்களின் நடத்தைக்காக எழுதப்பட்ட ஒரு விதியை அரசின் நடவடிக்கை மீது ஏற்றியதில் தர்க்கம் சற்று இழுபடுகிறது என்று சட்ட அறிஞர்கள் எழுதிய விமர்சனத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. மெக்சிகோ மேல்முறையீடு செய்யாததால் இந்த விளக்கம் மேல்முறையீட்டு அமைப்பின் சோதனைக்கு உட்படாமலே நின்றுவிட்டது.

மெக்சிகோ எல்லாவற்றிலும் தோற்கவில்லை. சொந்த வலையமைப்பு இல்லாமல், குத்தகைத் தடங்களைக் கொண்டு எல்லை தாண்டிய சேவை வழங்குவது பற்றி அது உறுதி எதுவும் அளித்திருக்கவில்லை என்று குழு ஏற்றுக்கொண்டது. உறுதிமொழிப் பட்டியலில் ஒரு வரியைக் கவனமாக எழுதுவதன் மதிப்பை இது காட்டுகிறது. மெக்சிகோவுக்குள் நிறுவப்பட்டு, பிறர் தடத்தை வாங்கிச் சேவையாக விற்கும் மறுவிற்பனை முகமைகளைப் பொறுத்தவரை, விதிகள் வெளியாகும்வரை அனுமதி இல்லை என்று எழுதி வைத்துவிட்டு விதிகளையே வெளியிடாமல் காலம் கடத்தியது செல்லாது என்றது.

இணங்கலும் அதற்குப் பின்னும்

அறிக்கை 2004 ஜூன் 1 அன்று உலக வர்த்தக அமைப்பில் ஏற்கப்பட்டது. அதே நாளில் இரு நாடுகளும் உடன்பாட்டுக்கு வந்தன. ஒரே கட்டணம், விகிதப் பங்கீடு, பெரிய நிறுவனத்துக்கு மட்டும் பேரம் பேசும் உரிமை ஆகிய மூன்றையும் நீக்க மெக்சிகோ ஒப்புக்கொண்டது. புதிய பன்னாட்டு விதிகள் அந்த ஆகஸ்டிலேயே வெளியாயின. மறுவிற்பனைக்கான விதிகள் 2005-இல் வந்தன. குத்தகைத் தடத்தில் எல்லை தாண்டிய அழைப்புகளைக் கொண்டுவருவதற்கு மெக்சிகோ தடை தொடரலாம் என்பதை அமெரிக்கா ஏற்றது. பல வணிக வழக்குகளில் தீர்ப்புக்கு இணங்குவது ஆண்டுக்கணக்கில் இழுபடுவதை அறிந்தவர்களுக்கு இந்த வேகம் அசாதாரணம். காரணம் எளிது: பிரச்சினை ஒரு விதிப் புத்தகத்தில் இருந்தது, அரசு பேனாவை எடுத்தால் அது நீங்கிவிடும்.

உள்நாட்டில் அந்த வசதி இல்லை. டெல்மெக்ஸ் ஐந்து சந்தைகளில் ஆதிக்கம் செலுத்துகிறது என்று போட்டி ஆணையம் 1997 டிசம்பரிலேயே அறிவித்திருந்தது. நிறுவனமோ அம்பாரோ என்ற அரசமைப்புச் சட்டப் பாதுகாப்பு மனுவைத் தாக்கல் செய்து நீதிமன்றத்தில் தடை வாங்கியது. கோஃபெடெல் வெளியிட்ட விதிகளுக்கும் அதே கதிதான். இணைப்புக் கட்டணத்தை ஆணையம் நிர்ணயிக்கும், நிறுவனம் அம்பாரோ தாக்கல் செய்யும், ஆணை உறைந்துபோகும், தீர்ப்பு வருவதற்குள் அந்தக் கட்டணத்துக்கு அர்த்தமே இல்லாமல் போயிருக்கும். நெறி ஆவணம் கேட்டது சேவை நிறுவனங்களுக்குக் கட்டுப்படாத ஆணையம். அப்படிப்பட்ட ஆணையம் பெயரளவில் மெக்சிகோவில் இருந்தது. அதன் ஆணை நடைமுறைக்கு வருமா என்பதை அந்த ஆவணம் கேட்கவில்லை.

2012 ஜனவரியில் ஓஇசிடி வெளியிட்ட ஆய்வு இதன் விலையைக் கணக்கிட்டது. போட்டிக் குறைவால் 2005 முதல் 2009 வரை மெக்சிகோ பொருளாதாரத்துக்கு நேர்ந்த நல இழப்பு 12,920 கோடி டாலர், அதாவது ஆண்டுக்கு மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 1.8 விழுக்காடு என்றது. நிலைத் தொலைபேசியில் ஏறத்தாழ 80 விழுக்காடும் கைபேசியில் 70 விழுக்காடும் ஒரே குழுமத்திடம் இருந்தன. கணக்கிட்ட முறை பற்றி அந்தக் குழுமம் கடுமையாக மறுத்தது. ஆனால் இந்த ஐந்தாண்டுகளும் ஜெனீவா தீர்ப்புக்குப் பிந்தையவை. எல்லைக் கட்டணம் சரிசெய்யப்பட்ட பிறகும் வீட்டுக்குள் பேசுவதன் விலை உயர்வாகவே நின்றது.

மாற்றம் உள்ளிருந்துதான் வந்தது. இணைப்பு பற்றிய ஆணைகளை அம்பாரோ மூலம் நிறுத்தி வைக்க முடியாது என்று 2011 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் முடிவு செய்தது. 2013 ஜூனில் அரசமைப்புச் சட்டமே திருத்தப்பட்டு ஐஎஃப்டி என்ற தன்னாட்சி ஆணையம் உருவானது. அதன் ஆணைகள் வழக்கு நடக்கும்போதும் நடைமுறையில் இருக்கும் என்பது திருத்தத்தின் முக்கியமான வரி. 2014 மார்ச்சில் அந்த ஆணையம் டெல்மெக்ஸின் தாய் நிறுவனமான அமெரிக்கா மோவிலைப் பேராதிக்க நிறுவனமாக அறிவித்து, மற்றவர்களுக்கு இல்லாத கூடுதல் கடமைகளை அதன் மீது சுமத்தியது. அதே ஆண்டின் சட்டம், போட்டியாளர்களின் அழைப்புகளை முடித்து வைக்க அந்நிறுவனம் கட்டணமே வாங்கக் கூடாது என்றது. 2015 ஜனவரி முதல் தேதியோடு உள்நாட்டு நெடுந்தூரக் கட்டணம் மறைந்தது. அதே ஆண்டு ஏடி அண்டு டி மெக்சிகோவில் இரண்டு கைபேசி நிறுவனங்களை வாங்கி நேரடிப் போட்டியாளராக இறங்கியது. கட்டணமே கூடாது என்ற விதியை 2017 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் செல்லாததாக்கியது. கட்டணத்தை நிர்ணயிப்பது நாடாளுமன்றத்தின் வேலையல்ல, தன்னாட்சி ஆணையத்தின் வேலை என்பது அதன் காரணம். பெரிய நிறுவனத்துக்குச் சாதகமாக முடிந்த தீர்ப்புதான் என்றாலும், ஆணையத்தின் அதிகாரத்தை அது உறுதிப்படுத்தியது.

பின்னர் 2024 டிசம்பரில் வெளியான மற்றோர் அரசமைப்புத் திருத்தம் ஐஎஃப்டி உள்ளிட்ட தன்னாட்சி அமைப்புகளைக் கலைக்க வழி செய்தது. அதன் பணிகளை அரசு நிர்வாகத்துக்குள் அமையும் அமைப்புகளிடம் ஒப்படைப்பதே திட்டமாக இருந்தது. 1997-இன் உறுதிமொழி இன்னும் மெக்சிகோவைக் கட்டுப்படுத்துகிறது. அமெரிக்கா, கனடாவோடு 2020-இல் நடைமுறைக்கு வந்த வணிக ஒப்பந்தத்தின் தொலைத்தொடர்பு அத்தியாயமும் சேவை நிறுவனங்களிடமிருந்து சுதந்திரமான ஒழுங்குமுறை அமைப்பைக் கோருகிறது. சேவை நிறுவனங்களிடமிருந்து விலகி, ஆனால் ஆளும் அரசின் கைக்குள் இருக்கும் அமைப்பு இந்த வாசகத்தை நிறைவு செய்யுமா என்பதை எந்த நடுவர் குழுவும் இதுவரை தீர்மானித்ததில்லை. 2004-இன் அறிக்கை அதைத் தொடவில்லை, ஏனெனில் வழக்கின் எல்லை சுருங்கியபோதே அந்தக் கேள்வி வெளியே நின்றுவிட்டது.